உறை ஒன்றுபோல் இருக்கலாம், உள்ளளவு வேறு

தென்னூரில் எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு பித்தளைக் குடங்கள் இருக்கின்றன. ஒன்று அம்மாவினுடையது, மற்றொன்று பாட்டியினுடையது. அருகருகே வைத்தால் உயரத்திலும் அகலத்திலும் வேறுபாடு தெரியாது. ஆனால், பாட்டியின் குடம் தடித்த தகட்டால் ஆனது, தூக்கினால் கனக்கும். அதில் அரை டம்ளர் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும்.

அண்மையில் என் அக்கா மகன் தொலைபேசியில் கேட்ட கேள்வி அந்தக் குடங்களை நினைவூட்டியது. அவன் அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டுக் குடிமகனாகிவிட்டவன். குறிபார்த்துச் சுடுவது அவனுடைய வார இறுதிப் பொழுதுபோக்கு. சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைத் திரும்ப எடுத்து, புதிய மருந்தும் குண்டும் வைத்துக் கையாலேயே தோட்டா தயாரிப்பது அங்கு பரவலான வழக்கம். “மாமா, ராணுவத்தில் சுட்ட உறைகள் மலிவாகக் கிடைத்தன. இதுவரை வேறு நிறுவனத்தின் உறையில் போட்ட அதே அளவு மருந்தை இதிலும் போடலாம்தானே? இரண்டும் ஒரே அளவுதானே?” என்றான். உலோகவியல் படித்தவன் என்ற முறையில் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: “போடாதே. முதலில் இரண்டிலும் தண்ணீர் ஊற்றி எடைபோட்டுப் பார்.”

தோட்டா உறையை வெறும் பொட்டலமாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் அழுத்தக்கலன். மருந்து எரிந்து வாயுவாகும்போது மெல்லிய கழுத்துப் பகுதி விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, எளிதில் வெளியே வருகிறது. விரியவும் வேண்டும், கிழியாமல் மீளவும் வேண்டும். இதற்காகவே 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை தேர்ந்தெடுக்கப்பட்டது. கழுத்து மென்மையாகவும் அடிப்பகுதி தடித்துக் கடினமாகவும் இருக்கும்படி உறையை உருவாக்குகிறார்கள்.

அது தாங்கும் அழுத்தம் எவ்வளவு? ராணுவங்கள் பயன்படுத்தும் 7.62 மி.மீ. தோட்டாவில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 4,000 மடங்கு. கார் சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் சுமார் 2,000 மடங்கு.

உறையின் வெளியளவைத் துப்பாக்கியின் அறை தீர்மானித்துவிடுகிறது. ஆகவே, தயாரிப்பாளர் கூடுதலாகச் சேர்க்கும் பித்தளை உள்ளே இருக்கும் இடத்தைத்தான் பிடிக்கும். பித்தளை தண்ணீரைவிட எட்டரை மடங்கு அடர்த்தியானது. ஓர் உறை மற்றொன்றைவிட 0.85 கிராம் கனமாக இருந்தால், அதன் உள்ளிடம் 0.1 மில்லிலிட்டர் குறைந்திருக்கும். இவ்வகை உறையின் மொத்தக் கொள்ளளவே மூன்றரை மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும் என்பதால், இது புறக்கணிக்கத்தக்க அளவு அன்று. ராணுவ உறைகள் பெரும்பாலும் தடித்தவை. விளையாட்டுச் சந்தைக்கான உறைகள் பல மெல்லியவை.

இடம் மூன்று விழுக்காடு குறைந்தால் அழுத்தமும் அதே மூன்று விழுக்காடு ஏறும் என்று கணக்குப் போட முடியாது. புகையற்ற வெடிமருந்து, அழுத்தம் கூடக் கூட வேகமாக எரியும் இயல்புடையது. குறுகிய இடத்தில் அழுத்தம் முன்னதாகவே ஏறுகிறது. அதனால் எரிதல் விரைகிறது. அந்த விரைவு அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. ஏற்கெனவே உச்சவரம்பை ஒட்டி மருந்து இட்டுப் பழகியவருக்கு இந்தச் சிறு வேறுபாடே வரம்பை மீறப் போதும். உறையின் அடி விரிவதும், துப்பாக்கியின் பூட்டு இறுகிக்கொள்வதும் வரம்பு மீறிய பின்னரே தெரியும் அடையாளங்கள். சுடுபவரின் கண்ணும் கன்னமும் அந்தப் பூட்டுக்குச் சில அங்குலத் தொலைவில்தான் இருக்கின்றன. உறை மாறினால் மருந்தைக் குறைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இத்துறையின் பால பாடம்.

பித்தளையை அலட்சியப்படுத்தியதன் விலையை இந்திய மண் முன்பே கண்டிருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் இங்கே மழைக்காலங்களில் குதிரை லாயங்களுக்கு அருகே வைக்கப்பட்ட தோட்டா உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. ‘பருவ விரிசல்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிவிடும் தகைவு ஆகியவை சேர்ந்ததே காரணம் என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். மிதமாகச் சூடாக்கித் தகைவைத் தணிப்பது தீர்வானது. அம்மோனியா கலந்த மெருகுப் பொருளால் உறையைத் துலக்கக் கூடாது என்ற இன்றைய எச்சரிக்கையின் வேரும் அதுவே.

அழுத்தத்தை மதித்த கதையும் உண்டு. 1960-களில் இஷாப்பூர் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு வடிவத் துப்பாக்கியை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியபோது, கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதற்காக வலுவான எஃகுக்கு மாறியது.

நம் நாட்டில் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். நம் இளைஞர்கள் பெரும்பாலும் பயிலும் காற்றுத் துப்பாக்கிக்கு உறையே கிடையாது; .22 தோட்டாவின் உறை மறுபடி நிரப்பத்தக்கதன்று. அப்படியிருக்க, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். திருச்சி, 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்கும் ஊர். 2022-ல் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி இங்கே நடந்து, நடிகர் அஜித் குமார் கலந்துகொண்டபோது கூட்டம் அலைமோதியது. அந்த ஆர்வத்தில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் குறிபார்க்கக் கற்றுத் தருகிறோம். தோட்டாவுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அரை மணி நேரம் சொல்லித் தரலாம். உலோகவியல் துறை கொண்ட தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இதே ஊரில்தான் இருக்கிறது.

அக்கா மகன் மறுவாரம் அழைத்தான். ராணுவ உறையில் 0.15 மில்லிலிட்டர் குறைவாம். பழைய அளவைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டு, குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கப் போவதாகச் சொன்னான். அன்றிரவு அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.