பழைய மோட்டாருக்கு ஒற்றை ஸ்பிரிங்: ஒட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்

"நீங்களே சொல்லுங்கண்ணே, இந்த மோட்டாருல இனி நான் எப்படி வேலைக்குப் போறது?"

செனாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கூட்டம் முடிந்து நாம் வெளியே வந்தபோது, செம்பனைக் குலை வெட்டும் பெரியவர் ஒருவர் வழிமறித்துக் கேட்ட கேள்வி இது. பக்கத்தில் அவருடைய மகன் தலையைக் குனிந்து நின்றான். நடுவில் அந்த மோட்டார். முப்பது வருஷத்துக்கும் மேலான ஹோண்டா சி70. பின்னால் இருந்த இரண்டு அப்சார்பரையும் காணோம். நடுவில் தடித்த சிவப்பு ஸ்பிரிங் ஒன்று தெரிந்தது. விபத்தில் நசுங்கிய யமாஹா 125இசட் வண்டியின் சாமான். பழைய சாமான் கடையில் சுவிங் ஆர்மோடு சேர்த்து வாங்கினானாம்.

பையன் கெட்டிக்காரன், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒற்றை அப்சார்பர் பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் முதலில் பிறந்த பொருளும் அல்ல. பெல்ஜியத்தில் லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியியல் வாத்தியார், மேடுபள்ளத்தில் பந்தயம் ஓட்டிய தன் மகனின் வண்டிக்காகச் செய்து பார்த்த வேலை அது. யமாஹா அந்த உரிமையை வாங்கியது. 1973-இல் அதே அமைப்புள்ள வண்டியில் சுவீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் பெற்றார். அதற்கும் முன்பே, 1920-களின் கடைசியில், இங்கிலாந்தின் வின்சென்ட் வண்டிகளில் பின் கவையை முக்கோணமாகக் கட்டி, ஸ்பிரிங்கை சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அங்கே மகனுக்காக அப்பா செய்தார். இங்கே அப்பாவின் வண்டியில் மகன் செய்திருக்கிறான்.

முதல் வாரம் பூப்போல ஓடியதாம். இரண்டாவது வாரம் பெரியவர் வண்டி கழுவும்போது, பின் மட்கார்டுக்கு மேலே கையை விட்டுச் சேற்றைத் தேய்த்திருக்கிறார். ஒட்டின இடத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு வெடிப்பு. விரலில் துரு ஒட்டியது. அன்று காலையில்தான் பேத்தியைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்திருக்கிறார்.

வெல்டிங் மோசமா என்று பார்த்தோம். இல்லை, ஒட்டு நன்றாகவே இருந்தது. ஒட்டுக்குப் பக்கத்து இரும்புதான் கிழிந்திருந்தது. காரணத்தைப் பையனுக்குச் சொன்னோம், இங்கேயும் சொல்கிறோம்.

சி70-இன் பிரேம் குழாயால் ஆனதல்ல. பெரும்பகுதி தகட்டை அழுத்தி வளைத்து இரண்டு பாதியாக ஒட்டியது. பழைய அப்சார்பர்கள் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் நின்று, சுமையை ஆளுக்குப் பாதியாகத் தாங்கின. நடு அப்சார்பரோ கவையின் மூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கடப்பாரையால் கட்டையைப் பெயர்க்கும் கதைதான். சக்கரம் 100 மில்லிமீட்டர் ஏறும்போது அப்சார்பர் 50 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், அதன்மேல் விழும் விசை இரண்டு மடங்கு. பின் சக்கரத்தில் 120 கிலோ சுமை இருந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே அந்த ஒரே இடத்தில் 240 கிலோ. குழியில் விழுந்தால் அதைப்போலப் பல மடங்கு. அதைத் தகடு தாங்குமா?

பழைய ஸ்பிரிங் ஒன்றையே நடுவில் போட்டு ஒப்பேற்றலாம் என்ற நினைப்பும் வேண்டாம். மேலே சொன்ன கணக்குப்படி, பழைய மாதிரியே வண்டி நிற்க, அந்த ஒற்றை ஸ்பிரிங் பழைய ஒன்றைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும்.

அப்படியானால் செய்யவே கூடாதா? செய்யலாம், ஆனால் குழாய் பிரேம் உள்ள வண்டியில் செய்ய வேண்டும். மேல் பிடியை இரண்டு பக்கக் குழாயையும் இணைக்கும் குறுக்குக் குழாயில் வைத்து, மூலைக்கு முக்கோணத் தகடு கொடுக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் அப்சார்பரை மாட்டாமல் சக்கரத்தைக் கையால் மேலே வரை தூக்கிப் பார்க்க வேண்டும். டயர் எங்கேயாவது உரசுகிறதா, இரண்டு பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். சங்கிலித் தளர்வை, முன் பற்சக்கரம், மூட்டு, பின் அச்சு மூன்றும் நேராக வரும் நிலையில் பார்த்து வைக்க வேண்டும். அங்கேதான் சங்கிலி அதிகம் இறுகும். ஆள் ஏறி உட்கார்ந்தால் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் சரி.

பழைய சாமான் வாங்கும்போது அப்சார்பரின் தண்டில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் சல்லிசு விலை என்று எடுக்காதீர்கள். இன்னொன்று, இதை விளையாட்டாக எண்ண வேண்டாம்: பல அப்சார்பர்களுக்குள் அழுத்தமாக நைட்ரஜன் வாயு அடைத்திருக்கும். அதன் உடம்பில் வெல்டிங் வைப்பது, அறுப்பது, தீயில் காட்டுவது உயிருக்கு ஆபத்து. சி70-க்கு பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. தம்பி அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஒட்டினானாம், நல்ல வேளை!

சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் பிரேமை வெட்டி ஒட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் சம்மன் வரும். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் சொக்சோ இருக்கிறதே என்பார்கள் நம்மவர்கள். அது தொழிலாளிக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த பேத்திக்கு அதில் ஒரு காசு கிடையாது.

பையனிடம் வேறு ஒன்றும் பேசினோம். எஸ்.பி.எம்.மோடு நின்றுவிட்டவன். இவ்வளவு கைவேலை தெரிந்தவன் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல், பட்டறையில் எடுபிடியாக நிற்கிறான். கைத்தொழில் அனுபவத்தைக் காட்டியே மலேசிய திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு என்றோம். "வகுப்புக்குப் போகாமலா?" என்று அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். செய்த வேலைகளைப் படம் எடுத்து, பட்டறை முதலாளியிடம் கடிதம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

போன வாரம் அந்தப் பக்கம் போனோம். கிழிந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே பட்டை கொடுத்து அடைத்திருக்கிறான். பின்னால் பழைய கவையும் இரண்டு அப்சார்பரும் மறுபடி ஏறியிருந்தன. பெரியவர் இன்னும் நம்பவில்லை. ஒரு மாசம் தானே தனியாக ஓட்டிப் பார்க்கப் போகிறாராம். பேத்தி அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் வேனில் பள்ளிக்கூடம் போகிறாள். சிவப்பு ஸ்பிரிங் வீட்டு வாசலில், எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிக் கிடந்தது. குழாய் பிரேம் வண்டி ஒன்று கிடைக்குமா என்று தம்பி நம்மிடமே விசாரித்தான்.