ஆட்டம் ஆடலாம்... பெட்டி ஆடக் கூடாது!

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்று சொன்னால் முழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட கேம் அது. அதில் வரும் ஒரு வீரனின் பெயர்தான் முஸ்தபா. நாம் கேமுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டோம்!

கேம் சென்டரில் ஆளுயரப் பெட்டி முன் நின்று ஆடிய அந்தச் சுகத்தை வீட்டுக்கே கொண்டுவர எனக்கும் ஆசை வந்தது. பழைய எல்.சி.டி. மானிட்டர், கிரெடிட் கார்டு அளவே உள்ள ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர், ஆன்லைனில் வாங்கிய ஜாய்ஸ்டிக், 12 மி.மீ. பிளைவுட், அடியில் நான்கு சக்கரம். இரண்டே வாரத்தில் பெட்டி ரெடி. பார்க்க அசத்தலாக இருந்தது.

மூன்றாம் நாள் அக்காவின் ஏழு வயது மகன் வந்தான். திரை எட்டவில்லை. ஜாய்ஸ்டிக் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கித் தொங்கினான். அடுத்த நொடி, பெட்டி அவன் மேல் சாய ஆரம்பித்தது. பக்கத்திலேயே நின்ற அக்கா தாங்கிப் பிடித்ததால் தப்பித்தோம். "முதல்ல இதை ஒரு கார்பென்ட்டர்கிட்ட காட்டு. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றாள். குரலில் நடுக்கம் போகவில்லை.

எங்கள் தெரு கார்பென்ட்டர் அண்ணன் வந்து, பெட்டியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். "சாமானெல்லாம் நல்லாத்தான் வாங்கியிருக்கீங்க தம்பி. ஆனா, பெட்டிக்கு இடுப்பும் இல்ல, காலும் இல்ல" என்றார்.

ஏன் சாய்ந்தது?

பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முன்சக்கரம்தான் சீசாவின் நடுக்கட்டை. ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் பையன்.

பெட்டியின் எடை 25 கிலோ. சக்கரங்களை உள்ளே தள்ளிப் பொருத்தியிருந்ததால், அந்த எடையின் மையம் முன்சக்கரத்துக்கு 10 செ.மீ. பின்னால்தான் இருந்தது. 25-ஐ 10-ஆல் பெருக்கினால் 250. ஜாய்ஸ்டிக் பலகையின் விளிம்போ முன்சக்கரத்தைவிட 15 செ.மீ. முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. பையன் 22 கிலோ. 22-ஐ 15-ஆல் பெருக்கினால் 330. பையன் பக்கம் ஜெயித்துவிட்டது!

தொங்கக்கூட வேண்டாம். 95 செ.மீ. உயரத்தில் இருக்கும் பலகையை நேராக முன்னால் இழுத்தால், கணக்குப்படி 3 கிலோ விசைகூடத் தேவையில்லை. ஒரு குழந்தையின் கைக்கு அது சாதாரணம்.

பழைய கேம் சென்டர் பெட்டிகளில் பிக்சர் டியூப் மானிட்டர் இருந்தது. பெட்டியே மிகவும் கனமானது. அதனால், அத்தனை பேர் குத்தியும் அசையாமல் நின்றது. நாம் மெல்லிய மானிட்டர் வைத்து எடையைக் குறைத்துவிட்டு, அதே உயரத்தில் பெட்டி செய்கிறோம். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடி கனமாக இருக்கட்டும்

அண்ணன் முதலில் நான்கு சக்கரங்களையும் கழற்றினார். அடிப்பலகையை முன்னால் நீட்டினார். அடியில், பின்பக்கச் சுவரை ஒட்டி 10 கிலோ மணல் மூட்டைகள் இரண்டை வைத்து, நகராதபடி கட்டை அடித்தார். இப்போது அதே பெட்டியை முன்னால் சாய்க்க 15 கிலோவுக்கு மேல் விசை வேண்டும்.

நகர்த்தச் சக்கரம் வேண்டுமென்றால், பின்பக்கம் மட்டும் இரண்டு போடலாம். தரையைத் தொடாமல் சற்று மேலே இருக்கட்டும். பெட்டியைப் பின்னால் சாய்த்தால் மட்டும், டிராலி சூட்கேஸ் போல உருளும்.

தீப்பெட்டிப் பாடம்

தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு, வெறும் மேலுறையை விரலால் தள்ளுங்கள். சப்பையாகச் சரிந்துவிடும். தட்டை உள்ளே தள்ளினால் அசையாது. கேபினெட்டும் அப்படித்தான். பின்பக்கத்தைத் திறந்தே விட்டால், எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் இடவலமாக ஆடும். முழு அகலத்துக்கும் ஒரே பலகையைப் பின்னால் அடித்தால் ஆட்டம் நிற்கும். சூடு வெளியேற மேலும் கீழும் சில துளைகள் போதும்.

அதை அடிப்பதற்கு முன், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

மூட்டுகள் கவனம்

* பக்கப் பலகைகளுக்கு 18 மி.மீ. பிளைவுட் நல்லது. எம்.டி.எஃப். போட்டால், வீடு துடைக்கும் தண்ணீர் பட்டு அடி விளிம்பு ஊதிவிடும்.

* பலகையின் விளிம்பில் நேரடியாக ஸ்க்ரூ ஏற்றினால் பிளக்கும். மூலைகளில் ஒரு இன்ச் ரீப்பர் கட்டை வைத்து, பசை தடவி, அதில் ஸ்க்ரூ போடுங்கள். முதலில் சிறிய டிரில் பிட்டால் துளையிடுவது அவசியம்.

* அதிகம் அடி வாங்குவது ஜாய்ஸ்டிக்தான். அதற்கு ஸ்க்ரூ போதாது. போல்ட் நட்டு போட்டு முடுக்குங்கள்.

* பழைய பிக்சர் டியூப் மானிட்டரைப் பயன்படுத்த நினைத்தால், அதைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

தரையும் சுவரும்

பீரோ ஆடினால் காலுக்கு அட்டையை மடித்துச் செருகுவோமே, அந்த வேலை இங்கே வேண்டாம். திருகினால் உயரம் மாறும் புஷ் கால்கள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நான்கு மூலையிலும் பொருத்தி, ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள்.

கடைசியாக, பெட்டியின் மேல் பகுதியை இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்தார் அண்ணன். "வாடகை வீடாச்சே, ஓனர் என்ன சொல்வாரோ?" என்று இழுத்தேன். "ரெண்டு ஓட்டைதானே தம்பி? காலி பண்றப்ப பட்டி வச்சு அடைச்சுக்கலாம். புள்ளைக்கு ஒண்ணு ஆனா எதை வச்சு அடைப்பீங்க?" என்றார். அன்று மாலையே ஓனருக்கு போன் செய்தேன். சரி என்றார்.

மறுவாரம் அக்கா வந்தாள். மகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பலகையைத் தானே இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அண்ணன் மிச்சப் பலகையில் செய்துகொடுத்த அகலமான மணையைப் பெட்டி முன் போட்டேன். பையன் ஏறி நின்றான். திரை எட்டியது. தொங்க வேண்டிய தேவையே வரவில்லை.

"மாமா, முஸ்தபாவை நான் எடுத்துக்கிறேன்!" என்றான். விட்டுக்கொடுத்துவிட்டேன்!