பக்கத்துப் பக்கத்துச் சந்நிதிகள் – 14: ரப்பியும் செட்டிபாளையத்துச் சாமியாரும்

போன வாரம் வாட்டர்லூ ஸ்திரீட்டில், 1878-இல் எழுந்த மகைன் அபோத் ஜெப ஆலயத்தின் வாசலில் விட்டிருந்தேன். பாக்தாத் யூதர்கள், அபின், வாசனைச் சரக்கு எல்லாம் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் நியூயார்க் ரப்பி ஜோசப் கெல்பர்மேனை அழைத்து வருவதாக வாக்கு. வருவார். ஆனால் தேக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். பெலிலியோஸ் ரோடு என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது.

சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகாத சிங்கப்பூர்த் தமிழர் உண்டா? அந்தக் கோயிலை ஒட்டி ஓடுகிற தெருவின் பெயர்ப்பலகையை நின்று படித்தவர்கள் எத்தனை பேர்? பெலிலியோஸ் என்பவர் கல்கத்தாவிலிருந்து வந்த யூதர். இங்கே பெரிய மாட்டு வியாபாரி. அந்தக் காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க மாடும் தொழுவமும்தான். அதனால்தான் பக்கத்தில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இரண்டு தெருக்கள் எருமைப் பெயரில் இன்னமும் இருக்கின்றன. மாட்டை நம்பிப் பிழைத்த தமிழன் கும்பிட்ட காளிக்குப் பக்கவாட்டில், மாட்டை விற்றுப் பணக்காரரான யூதரின் பெயர். இதற்கு மேல் ஒரு கட்டுரையாளனுக்கு என்ன வேண்டும்?

இன்னும் கொஞ்சம் நடங்கள். சிலேகி ரோடு முனையில் 1924-இல் கட்டிய எலிசன் கட்டடத்தின் உச்சியைப் பாருங்கள், தாவீதின் அறுகோண நட்சத்திரம் தெரியும். மிடில் ரோட்டில் 1928-இன் டேவிட் இலையாஸ் கட்டடத்திலும் அதே நட்சத்திரம். யூதர்கள் தங்கள் பேட்டையை மஹல்லா என்றார்கள். மஹல்லாவுக்கும் தேக்காவுக்கும் நடுவில் ஒரு கால்வாய்தான்.

அண்டை வீட்டார்தான், ஆனால் வழிபாட்டில் கலக்கவில்லை. சிங்கப்பூர் யூதர்கள் பழைய ஆசாரம் வழுவாதவர்கள்; சாப்பாடு முதல் சனிக்கிழமை ஓய்வு வரை சட்டப்படிதான். கலப்பு நடப்பதெல்லாம் அதே வாட்டர்லூ ஸ்திரீட்டின் இன்னொரு பக்கத்தில். குவான் இம் கோயிலில் சாம்பிராணிக் குச்சி ஏற்றிய சீனப் பாட்டி, அடுத்த வாசலில் கிருஷ்ணனுக்கும் குச்சி ஏற்றிவிட்டுப் போகிறார். எந்தக் குருக்களிடமும் அவர் அனுமதி கேட்டதில்லை.

கெல்பர்மேன் செய்ததும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அவர் ரப்பி. பாட்டி செய்தால் பக்தி, ரப்பி செய்தால் வம்பு.

1912-இல் ஹங்கேரியில், ஹசிதிய மரபில் பிறந்தவர். ஆட்டமும் பாட்டமுமாகக் கடவுளைக் கும்பிடுகிற மரபு அது. 1939-இல் அமெரிக்கா போனார். மனைவியையும் மகளையும் பின்னால் அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாஜிகள் இருவரையும் கொன்றார்கள். பெற்றோரும் போனார்கள். இதற்குப் பிறகும் ஒருவர் கடவுள் பெயரைச் சொல்லிச் சிரித்து ஆடியிருக்கிறார் என்பதை என்னால் லேசாகக் கடந்து போக முடியவில்லை. நியூயார்க்கில் ‘லிட்டில் சினகாக்’ என்று சின்னதாக ஓர் ஆலயம் நடத்தினார். யூத மறைஞானமான கப்பாலா சொல்லிக்கொடுத்தார், தியானமும் சொல்லிக்கொடுத்தார். தன் மதத்துக்குப் பதிலாக இன்னொன்றை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இருப்பதை விடாமல் மற்றதையும் சேர்த்துக்கொள் என்பதுதான் அவருடைய கட்சி.

அப்படிச் சேர்த்துக்கொண்ட ‘மற்றது’ நம் கோயம்புத்தூர்க்காரர். செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமி, பிற்பாடு சுவாமி சச்சிதானந்தா. பேரூர்க் கோயில் நிர்வாகம் பார்த்தவர். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில், இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு மனைவி இறந்துபோனார். ரப்பி, சாமியார் இருவருமே மனைவியைப் பறிகொடுத்தவர்கள். ரிஷிகேஷ் போய் 1949-இல் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, 1953-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1966-இல் இரண்டு நாள் தங்குவதற்கென்று நியூயார்க்கில் இறங்கினார். மாதக்கணக்கில் தங்கும்படி ஆகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்தவரும் இவரே. அதற்கு முந்தைய வருஷம் கெல்பர்மேன், கத்தோலிக்கத் துறவி டேவிட் ஸ்டைன்டல்-ராஸ்ட், ஜென் துறவி எய்டோ ஷிமானோ ஆகியோரோடு சேர்ந்து ஓர் ஆன்மிக ஆய்வு மையத்தை ஏற்படுத்தியிருந்தார். நான்கு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்து, ஒரே சுடரிலிருந்து விளக்கேற்றினார்கள்.

சரி, இதில் சிங்கப்பூர் எங்கே என்கிறீர்களா? இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதியே அதுதான். சச்சிதானந்தாவின் குரு சிவானந்தர், பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பிறந்த குப்புசாமி. டாக்டர். 1913-இல் ‘தாரா’ என்ற கப்பலில் ஏறிக் கிழக்கே வந்தார். ஆசாரமான பிராமணக் குடும்பம். கப்பல் சாப்பாட்டில் மாமிசம் கலந்திருக்குமோ என்று பயந்து அதைத் தொடவில்லை. வீட்டில் செய்து கட்டிக்கொடுத்த இனிப்புப் பலகாரம்தான் வழியெல்லாம். மைசூர்பாகோ லட்டோ, என்னவாக இருந்தாலும் நினைத்துப் பாருங்கள்: வங்காள விரிகுடா ஆடுகிறது, வயிற்றில் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும். சிங்கப்பூரில் இறங்கும்போது ஆள் பிணம்போல் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் உலகத்துக்கே உடற்பயிற்சியும் உணவு முறையும் எழுதித் தள்ளிய மகான் நம் துறைமுகத்தில் இறங்கிய கோலம் அது. இன்றைக்கென்றால் சிராங்கூன் ரோட்டில் நுழைந்தவுடன் ஒரு வாழையிலைச் சாப்பாடு கிடைத்திருக்கும். கோமள விலாஸ் வர இன்னும் 34 வருஷம் இருந்தது, பாவம்.

அங்கிருந்து சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனை, பிறகு ஜொகூர். மொத்தம் பத்து வருஷம். தோட்டத் தமிழர்களுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர் என்ற பெயர் நிலைத்தது. ஒரு தடவை நோயில் கிடந்த சாது ஒருவரைக் குணப்படுத்த, அவர் நன்றிக்கு ஒரு வேதாந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். டாக்டரைச் சாமியார் ஆக்கியது அந்தப் புத்தகம். எழுதியவர் பெயர் சுவாமி சச்சிதானந்தா! நம் செட்டிபாளையத்துக்காரர் அல்ல, அவருக்கு முந்தைய வேறொருவர். 1923-இல் டாக்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். பல வருஷம் கழித்துக் கோயம்புத்தூர்ச் சீடருக்கு அதே பெயரையே வைத்தார். வேண்டுமென்று வைத்தாரா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. எனக்கோ, வேண்டுமென்றே வைத்ததாக நினைக்கப் பிடித்திருக்கிறது.

மலாயாவில் ஒரு சாது புத்தகம் கொடுத்திராவிட்டால் ரிஷிகேஷ் ஆசிரமம் இல்லை, நியூயார்க் போன தமிழ்ச் சாமியார் இல்லை, ரப்பியோடு விளக்கேற்றியவரும் இல்லை. நம்மூர் யூதர்கள் நம்மூர்க் காளிக்குப் பக்கத்திலேயே இருந்தும் நடக்காத சந்திப்பு, இவ்வளவு சுற்றிப் போய் மன்ஹாட்டனில் நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் மதங்கள் சுவரை மதித்துப் பழகுகின்றன. 1949-இலிருந்து இங்கே இயங்கும் சமயங்களுக்கிடையிலான அமைப்பின் மேடையிலும் ஒவ்வொருவரும் அவரவர் பிரார்த்தனையைத்தான் சொல்கிறார்கள். அது நம் ஊருக்குச் சரியான வழி என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கெல்பர்மேனின் துணிச்சல் மேல் எனக்கு ஒரு கண்.

1986-இல் சச்சிதானந்தா வர்ஜீனியாவில் தாமரை வடிவில் ஒரு கோயில் கட்டினார். நடுவில் ஒளித்தூண், சுற்றிலும் மதத்துக்கு ஒரு பீடம், இனிமேல் வரப்போகிற மதங்களுக்கும் ஒன்று. யூத மதத்துக்கும் அதில் இடமுண்டு.

ரப்பி ஆரம்பித்த புதுமாதிரி குருமடத்தையும், யூதர் அல்லாதவர்களோடு நடந்த கல்யாணங்களை நடத்திவைத்து அவர் சம்பாதித்துக்கொண்ட எதிர்ப்பையும் இந்த வாரமே எழுத எண்ணியிருந்தேன். பலகாரம் இடத்தை அடைத்துவிட்டது. 98 வயது வரை வாழ்ந்த மனிதர், ஒரு வாரம் காத்திருப்பார்.

அதற்குள் ஓர் உதவி. சிரம்பான், ஜொகூர் தோட்டங்களிலிருந்து தேக்காவுக்குக் குடிவந்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. உங்கள் தாத்தா, பாட்டி யாராவது ‘குப்புசாமி டாக்டர்’ பற்றிச் சொல்லியிருந்தாலோ, பழைய மருந்துச் சீட்டு எதுவும் பெட்டியில் கிடந்தாலோ, ஆசிரியர் குழு முகவரிக்கு எழுதுங்கள்.