கூகுள் எர்த்தில் பழவேற்காடு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூகுள் எர்த்தைத் திறந்ததும் முதலில் தேடுவது தங்கள் வீட்டு மொட்டை மாடியைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். அதைவிடப் பெரிய வேலைக்கு இந்த புரோகிராம் உதவும் என்பதைப் பழவேற்காட்டில் ஒரு மீனவப் பெரியவர்தான் எனக்குக் காட்டினார்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஏரியும் கடலும் சேரும் இடம் முகத்துவாரம். மணல் சேர்ந்து அது அடைபட்டால் படகுகள் கடலுக்குப் போக முடியாது. இறாலும் மீன் குஞ்சும் ஏரிக்குள் வராது.

என் லேப்டாப்பைப் பார்த்த பெரியவர், "சார், இதுல எங்க முகத்துவாரம் தெரியுமா?" என்று கேட்டார். திறந்து காட்டினேன்.

எப்படிப் பார்ப்பது?

கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். இடது மேல் பக்கம் உள்ள சர்ச் கட்டத்தில், ஆங்கிலத்தில் புலிகாட் என டைப் செய்து என்டர் தட்டவும். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் இடம் அருகில் வரும். பின்னர் வியூ மெனுவில் ஹிஸ்டாரிக்கல் இமேஜரி என்பதைக் கிளிக் செய்யவும். மேலே ஒரு ஸ்லைடர் தோன்றும். அதை இடப்பக்கம் இழுத்தால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும்.

இவை நேரடி ஒளிபரப்பு அல்ல. ஒவ்வொன்றும் என்றோ எடுக்கப்பட்ட படம். புதியவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். ஒரு படத்தைக் காட்டி, "முகத்துவாரம் அகலமாகிவிட்டதே" என்றேன். பெரியவர் சிரித்தார். "இது மழைக்காலத்துப் படம் சார். வெள்ளம் மணலைத் தள்ளிக்கிட்டுப் போகுது. கோடையில பாருங்க" என்றார். தேதியைப் பார்த்தேன். டிசம்பர்! எனவே, வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களையே எடுத்துக் கொள்ளுங்கள்.

நகரத்துக்கு என்ன சம்பந்தம்?

மவுஸால் படத்தை நகர்த்தித் தெற்கே வாருங்கள். காட்டுப்பள்ளி துறைமுகம், அதையடுத்து 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம், அனல் மின் நிலையங்கள் தெரியும். சென்னைக்குக் குடிநீர் தர 2010-ல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் காட்டுப்பள்ளியில்தான் இருக்கிறது. சென்னையின் மின்சாரம், குடிநீர், சரக்குக்காக இந்தக் கரை தன் இடத்தைக் கொடுத்திருக்கிறது.

நம் கடற்கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் நகர்த்தும் மணலைக் கணக்குப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே போவதே அதிகம். குறுக்கே கல் சுவர் கட்டினால் தெற்கில் மணல் சேரும்; வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பின் மெரினா அகலமானதும், ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இதனால்தான். பழவேற்காடு இந்தப் புதிய துறைமுகங்களுக்கு வடக்கே இருக்கிறது. பெரியவரின் கவலை அதுதான்.

தண்ணீருக்கும் இதே கதைதான். பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருகிறது. அங்கே வழி குறுகினால் வெள்ளம் ஊருக்குள்தான் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் பாழாயின.

அப்படியானால் என்ன செய்வது? தண்ணீர் ஓடும் இடத்தைத் தண்ணீருக்கே விட்டுவைக்க வேண்டும். துறைமுகம் தடுத்த மணலை எடுத்து வடக்கே போட வேண்டும். 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் நாட்டில் 2011-ல் தங்கள் கரையோரம் இரண்டு கோடி கனமீட்டருக்கும் அதிகமான மணலைக் கொட்டி, அலைகளே அதைக் கரை நெடுக பரப்பும்படி விட்டார்கள்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்து கொள்வார்கள். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், ஏரியும் மிஞ்ச வேண்டும் என்பதே கணக்கு. நகரங்களுக்கும் அந்தக் கணக்கு தேவை.

அடுத்த முறை கூகுள் எர்த்தைத் திறக்கும்போது உங்கள் வீட்டோடு நிற்காதீர்கள். பக்கத்து ஏரியைத் தேடி, ஸ்லைடரை இழுத்துப் பாருங்கள். டூல்ஸ் மெனுவில் உள்ள ரூலர் மூலம் அதன் அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். வீடோ மனையோ வாங்கும் முன் இதைச் செய்தால், உங்கள் பணமும் தப்பும், ஏரியும் தப்பும்.