பழைய லாரி வாங்குவோர் அறிய வேண்டியவை

மழையை மட்டும் நம்பியிராது, துணைத் தொழில் ஒன்றையும் நாட வேண்டிய நிலையில் உழவர் குடும்பங்கள் பல இருக்கின்றன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முதலிய ஊர்கள் லாரித் தொழிலில் நாடறிந்த பெயர் பெற்றவை. வறண்ட மேட்டு நிலங்களையுடைய இப்பகுதியில், ஓட்டுநராகத் தொடங்கிச் சொந்த வண்டிக்கு உரிமையாளராக உயர்ந்தோர் பலர். புது லாரியின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், தாமே ஓட்டிப் பிழைக்க விரும்புவோர் பழைய வண்டியையே நாடுகின்றனர். இது தவறன்று. ஆனால், எதை ஆராய்ந்து வாங்குவது என்பதை அறியாது இறங்குவோர் பெரும் இழப்பிற்கு உள்ளாகின்றனர்.

எமது ஒன்றியத்து இளைஞர் ஒருவர் தந்தையாரின் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தை ஈடு வைத்து ஒரு லாரி வாங்கினார். வண்டி புது வர்ணத்துடன் பளபளத்தது. மூன்றாம் மாதம் எஞ்சின் பழுதுற்றது. அதைச் சீர்செய்யக் கையில் பணமில்லை, வண்டி நின்றது, தவணையோ நிற்கவில்லை. இறுதியில் வண்டியும் போயிற்று, நிலமும் போயிற்று. அவர் சோம்பேறியல்லர், தேர்ந்த ஓட்டுநர். வண்டியின் விலையைக் கணக்கிட்டவர், அதை ஓட வைக்கும் செலவைக் கணக்கிடவில்லை என்பதே அவர் செய்த பிழை. இந்நிலை பிறருக்கு நேராதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சுமை, பிறகு வண்டி

எந்தச் சுமையை, எவ்வூரிலிருந்து எவ்வூருக்கு, ஆண்டில் எத்தனை மாதம் ஏற்றப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மரவள்ளிக் கிழங்கை வயலிலிருந்து ஆலைக்குக் கொண்டு செல்வதற்கும், கோழித் தீவனத்தை வெளி மாநிலத்திலிருந்து கொண்டு வருவதற்கும் ஒரே வண்டி பொருந்தாது. வயற்காட்டுப் பாதையிலும் ஊராட்சியின் சிறு பாலங்களிலும் செல்ல வேண்டிய வண்டி சிறியதாக இருத்தல் நலம்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பதிவுச் சான்றே கூறும். அதில் கண்ட மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே சட்டப்படி ஏற்றத்தக்க சுமை. 2018ஆம் ஆண்டு ஜூலையில் இரண்டு அச்சு லாரிக்கான மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. ஆயினும் பழைய வண்டி வாங்குவோர் புதிய வரம்பை நம்பிவிடாது, அவ்வண்டியின் சான்றில் எழுதப்பட்டுள்ள எடையையே கணக்கிற் கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, மிகுசுமைக்கு 20,000 ரூபாயும், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் உண்டு. ஒரு மாத வருவாயை ஒரே நாளில் இழக்க இது போதும்.

ஆவணங்களை ஆராய்தல்

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆவணங்களைப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதிச் சீட்டு, வரி ரசீது ஆகிய ஐந்தும் நடப்பில் இருக்கின்றனவா என்பதை அறிதல் அவசியம். பரிவாகன் இணையத்தளத்தில் வண்டியின் எண்ணைக் கொண்டு இவற்றில் பெரும்பாலானவற்றையும், செலுத்தப்படாத அபராதங்களையும் காணலாம். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

சேஸில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் சான்றிலுள்ள எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். நிதி நிறுவனத்தின் கடன் பதிவு சான்றில் இருப்பின், அந்நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35 இன்றி வாங்கலாகாது. உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை தேவை. வாங்குபவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். "பெயர் மாற்றம் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று கூறி, வெற்றுத் தாளில் கையொப்பம் பெற்று வண்டி ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனால் விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. விபத்து நேரிடின் வழக்கு பதிவில் உள்ளவர் மீதே செல்லும். விற்றவர் தவணை கட்டாவிடில் வண்டி வாங்கியவரிடமிருந்து பறிபோகும்.

வண்டியைச் சோதித்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் செல்ல வேண்டும். நாம் போகுமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பின் ஐயுறுதல் தகும். புறப்படும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை வெளிவருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது.

பின்னர் வண்டியின் அடியில் படுத்துச் சேஸைப் பார்க்க வேண்டும். வெடிப்பும், வெடிப்பை மறைத்த பற்றவைப்பும், புது வர்ணமும் அங்கேதான் உண்மையைக் கூறும். டயர்களின் தேய்மானத்தை ஒவ்வொன்றாகக் காண்க. முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் முன் அச்சில் குறையுண்டு. காற்றுப் பிரேக்கின் அழுத்தம் நிரம்பிய பின் எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் விரைந்து இறங்குகிறதா எனக் கவனிக்க வேண்டும். இயன்றால் சுமையேற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தல் மிக நன்று. நமக்குப் பழக்கமான மெக்கானிக்கிற்குரிய கூலியைக் கொடுத்து உடன் அழைத்துச் செல்லுதல் வீண் செலவன்று.

2020 ஏப்ரல் முதல் பதிவாகும் வண்டிகள் பி.எஸ். 6 தரத்தைச் சேர்ந்தவை. இத்தரத்து லாரிகளில் புகையைத் தூய்மைப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். இதற்கென விற்கப்படும் தூய கரைசலில் 32.5 சதவீதம் யூரியா உண்டு. வயலுக்கு வாங்கிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கருவி கெட்டுப் பெருஞ்செலவு நேரும். முன்னிருந்தவர் அவ்வாறு செய்தாரா என்பதை அறிய, கணினி கொண்டு சோதிக்கும் பணிமனையில் வண்டியைக் காட்டுதல் நலம்.

பணக் கணக்கு

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடலாகாது. 10 லட்ச ரூபாய் செலவிட இயலுமாயின், 8 லட்சத்துக்கு வண்டியைப் பார்த்து, 2 லட்சத்தைப் பழுதுக்கும் டயருக்கும் காப்பீட்டுக்கும் ஒதுக்குக. ஒரு டயர் 20,000 ரூபாய் எனக் கொண்டாலும், ஆறு சக்கரத்திற்கு 1,20,000 ரூபாய் ஆகிவிடும்.

திரும்பும் வழியில் சுமை கிடைக்குமா என்பதும் பெரிய கேள்வி. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டி 300 கிலோமீட்டர் வெறுமனே திரும்பினால் 75 லிட்டர் டீசல் வீணாகும். லிட்டர் 90 ரூபாய் என வைத்துக் கொண்டால் 6,750 ரூபாய் நட்டம். மாதத்தில் எத்தனை நடை, எத்தனை வெறும் நடை என்று எழுதிப் பார்த்து, மிகக் குறைந்த வருவாயுள்ள மாதத்திலும் கட்டக்கூடிய தவணையையே ஏற்க வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

கடன் பத்திரத்தில் சாட்சிக் கையொப்பம் கேட்டு ஊரார் உங்களிடமே முதலில் வருகின்றனர். கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சுமை எங்கே கிடைக்கும்? வண்டியை அடியில் படுத்துப் பார்த்தவர் யார்? வண்டி ஒரு மாதம் நின்றால் தவணைக்குப் பணம் எங்கே? இம்மூன்றுக்கும் விடையுள்ளவர் வண்டி வாங்கட்டும். விடையில்லாதவர் இன்னும் ஓராண்டு பிறர் வண்டியை ஓட்டிப் பணம் சேர்க்கட்டும். லாரியை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கைவிட்டுப் போன கிணற்று நிலம் மீண்டும் வருவது அரிது.