ஏலமலைச் சாலையில் சில வாலைகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

காய்ச்சி வடித்தல் என்றவுடன் நம் வகுப்பு நண்பர்களுக்கு நினைவு வருவது லீபிக் குளிர்விப்பானும், உடைத்தால் பணம் கட்ட வேண்டிய வட்டக் குடுவையுந்தான். எங்கள் ஊர்ப்பக்கம் அதே சொல்லைச் சொன்னால் கேட்பவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். போடிநாயக்கனூரில் 'காய்ச்சுவது' என்றாலே சாராயம் என்றுதான் பொருள். ஆனால் அச்சொல்லுக்கு நம் நாட்டில் மதிப்பான வரலாறும் உண்டு. சித்த மருத்துவர்கள் வடிகலத்தை 'வாலை' என்றும், அதில் இறங்கும் நீரைத் 'தீநீர்' என்றும் அழைத்தனர். குழந்தைக்கு வயிறு வலித்தால் நாம் வாங்கும் ஓமத் தண்ணீர் அவ்வகைத் தீநீரே. ஓமத்திலுள்ள தைமால் என்னும் பொருள் நீராவியோடு ஏறி வந்து அதற்கு அந்தக் காரமான மணத்தைத் தருகிறது.

சென்ற கோடை விடுமுறையில் சின்ன மாமாவின் ஜீப்பில் போடியிலிருந்து மறையூர் வரை சென்று வந்தேன். முந்தலில் மலையேறத் தொடங்கும் இச்சாலை 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மேற்கே கொச்சிக் கடலையும் கிழக்கே தொண்டிக் கடலையும் இணைப்பது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால் கேரள எல்லை. சுற்றுலா வருவோர் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். என் தாயார் விடியுமுன் பதினைந்து பேரோடு ஜீப்பில் நெருங்கி அமர்ந்து இதே வளைவுகளில் காய் பறிக்கப் போய், பொழுது சாய இறங்கி வருகிறவர். இயற்கை அழகைப் பற்றி அவரிடம் கேட்டால், "வாந்தி வராம இருந்தாச் சரி" என்பார்.

பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோருக்குள் நுழைந்தோம். பறித்த பச்சைக் காயில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீர். அதைப் பத்து, பன்னிரண்டு விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும். ஐம்பது பாகையை ஒட்டிய சூட்டில் பதினெட்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் உலர்த்துகிறார்கள். சூட்டை ஏற்றி விரைவில் முடிக்கலாமே என்றால், தோல் வெடித்துப் பச்சை நிறம் போவதோடு எண்ணெயும் பறந்துவிடும். ஸ்டோரைச் சுற்றி மணக்கிறதே என்று வெளியூரார் வியப்பார்கள். அந்த மணம் முழுவதும் காயை விட்டுப் போய்விட்ட எண்ணெய்தான். உடைமையாளருக்கு அது நட்டம்.

அந்த எண்ணெயைத் தனியே எடுக்கும் ஆலைகளும் உள்ளன. அரிசியை இடித்து நீராவியைச் செலுத்தி வடிக்கிறார்கள். (ஏலக்காயின் உள்விதையை எங்கள் ஊரில் அரிசி என்போம்.) இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏல எண்ணெயில் முதன்மையானவை இரண்டு: சினியோல், டெர்பினைல் அசிட்டேட். யூகலிப்டஸ் தைலத்தில் மூக்கைத் துளைப்பது சினியோல். அதன் கொதிநிலை 176 பாகை. டெர்பினைல் அசிட்டேட்டின் கொதிநிலை சுமார் 220. ஆகவே முதலில் இறங்கும் எண்ணெயில் சினியோல் மிகுந்து தைல நெடி அடிக்கும். ஏலத்துக்கே உரிய இனிமை பின்னால்தான் வரும். விறகோ நேரமோ மிச்சம் என்று பாதியில் அடுப்பை அணைத்தவனுக்குத் தைல நெடியே மிஞ்சும்.

மூணாற்றைக் கடந்து மறையூர்ச் சரிவுக்கு வந்தால் மழை குறைந்து, இடுப்புயரப் புல் தொடங்குகிறது. இதுதான் தைலப்புல், எலுமிச்சம்புல் என்றும் சொல்வதுண்டு. சின்னாற்றுக் காட்டுப் பகுதியில் முதுவரும் மலைப்புலையரும் நெடுங்காலமாக இதை அறுத்துத் தைலம் வடிக்கிறார்கள். ஓடைக்கரையில் ஒரு கொட்டகை, அதில் ஒரு பெரிய கலம், அடியில் விறகு. கலத்தில் நீர் ஊற்றி, புல்லை மிதித்துத் திணித்து, மூடியைச் சுற்றிக் களிமண் பூசுகிறார்கள். மூடியிலிருந்து புறப்படும் குழாய் ஓடை நீர்த் தொட்டிக்குள் புகுந்து வெளிவருகிறது. நம் செய்முறைக் கூடத்தின் குளிர்விப்பானுக்கும் இதற்கும் கண்ணாடி ஒன்றுதான் வேறுபாடு! நூறு கிலோ புல்லுக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை தைலம் கிடைக்கும். அது நீரைவிட இலேசானதால் மேலே மிதக்கும். அடியிலுள்ள நீரை வடித்துவிட்டால் போதும். வெந்த புல்லைக் காயவைத்து மறுநாள் அதையே எரிக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இத்தைலத்தில் எழுபது, எண்பது விழுக்காடு சிட்ரால். அதன் கொதிநிலை 229 பாகை. மறையூர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். அங்கே நீர் 97 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். 229 பாகையில் கொதிக்க வேண்டியது 97-லேயே எப்படி ஏறி வருகிறது?

விடை டால்டன் விதியில் இருக்கிறது. ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களைச் சேர்த்துக் காய்ச்சினால் ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே தரும். இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் கலவை கொதித்துவிடும். மறையூரில் காற்றழுத்தம் சுமார் 675 பாதரச மில்லிமீட்டர். அதில் சிட்ராலின் பங்கு வெறும் 5 என்று வைத்துக்கொள்வோம். மீதி 670 நீருடையது. அதாவது 134 நீர் மூலக்கூறுகள் வரும்போது ஒரு சிட்ரால் மூலக்கூறு வருகிறது. ஆனால் நீரின் மூலக்கூறு எடை 18, சிட்ராலுடையது 152. பெருக்கிப் பார்த்தால் நூறு கிராம் நீரோடு ஆறு கிராம் எண்ணெய் வரலாம் என்று கணக்குச் சொல்கிறது. புல்லின் உள்ளறைகளிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து வரவேண்டியிருப்பதால் உண்மையில் கிடைப்பது இதைவிடக் குறைவு. இக்கணக்கை வகுப்பில் இருமுறை போட்டிருக்கிறேன். அடுப்புப் புகையில் நின்று பார்த்தபோதுதான் அது எதற்காகப் போட்ட கணக்கு என்பது விளங்கிற்று.

ஒரு காலத்தில் இத்தைலம் கொச்சித் துறைமுகம் வழியே உலகெங்கும் போயிற்று. சிட்ராலிலிருந்து அயனோனும், அதிலிருந்து வைட்டமின் ஏ-யும் செய்யலாம். 1951-இல் எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் இப்புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பின்னர் தொழிற்சாலைகள் சிட்ராலைச் செயற்கையாகவே செய்யத் தொடங்க, புல்லின் மவுசு குறைந்தது.

அடுப்படியில் இருந்த முதியவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். கார்களில் போகிறவர்கள் கலத்தைக் கண்டதும் இறங்கி வந்து, "சரக்கு என்ன விலை?" என்று கேட்பார்களாம். மாமா சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

என் பெரிய மாமாவுக்கு இரு கண்களும் தெரியாது. நான் பிறப்பதற்கு முன் ஒரு திருவிழா இரவில் குடித்துவிட்டு வந்து படுத்தவர், மறுநாள் நண்பகலில் எழுந்து, "ஏன் இன்னும் விளக்கு ஏத்தல?" என்று கேட்டாராம். "காய்ச்சுனவன் சரியாக் காய்ச்சல" என்று அம்மாச்சி இன்றும் சொல்வார். ஊராரும் அப்படியே நம்புகிறார்கள். வேதியியல் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலில் உண்டாவது எத்தனால். மெத்தனால் அதில் மிகச் சிறிதளவே இருக்கும். எவ்வளவு மோசமாகக் காய்ச்சினாலும் ஊரைக் கொல்லும் அளவுக்கு அது பெருகாது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால். பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும் பயன்படும் ஆலைப் பொருள் அது. போதைக்காக அதைத் தண்ணீரில் கலந்து விற்றால் அங்கே காய்ச்சுதலே நடப்பதில்லை. மெத்தனாலின் கொதிநிலை 65, எத்தனாலுடையது 78. முதலில் இறங்குவதைக் கொட்டிவிட்டால் நஞ்சு போய்விடும் என்பாரும் உளர். கலந்த மெத்தனால் கடைசிச் சொட்டு வரை சிறிது சிறிதாக வந்துகொண்டுதான் இருக்கும். சாதாரணக் கலத்தால் அதைப் பிரிக்க முடியாது. தீக்குச்சி கிழித்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பதும் பொய். இரண்டுமே நீலமாகத்தான் எரியும். மணத்திலும் சுவையிலும் குடிப்பவனால் வேறுபாடு காண இயலாது.

உடலுக்குள் மெத்தனால் முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்பு பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம். இம்மாற்றத்துக்குப் பல மணி நேரம் பிடிப்பதால் குடித்தவன் முதலில் நன்றாகவே இருப்பான். சில வேளை மறுநாள்தான் கண் மங்கும். இடைப்பட்ட அந்த நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் சென்றால், அதே நொதிக்குப் போட்டியாக எத்தனாலையோ போமெபிசோல் என்னும் மருந்தையோ கொடுத்து மாற்றத்தைத் தடுத்து, இரத்தத்தைச் சுத்தி செய்து காப்பாற்ற வழியுண்டு.

இதையெல்லாம் அம்மாச்சிக்கு எடுத்துச் சொல்ல எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. நொதி என்பதற்கு நான் சொன்ன உவமைகள் எதுவும் எடுபடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப விடியுமுன்னே பெரியாசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா கண்ணு நின்னிருக்குமா?" என்றார்.

நின்றிருக்கலாம் என்றேன்.