எரிமலைத் தீவில் பூக்குழி

எங்கள் கன்னிவாடிக்கு மேலே நிற்கும் பழனிமலை, 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை. இந்துமாக்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கேயுள்ள ரீயூனியன் தீவோ, எரிமலைக் குழம்பாலேயே உருவானது, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது! பிரான்சுக்குச் சொந்தமான அத்தீவில் 2,632 மீட்டர் உயரமுள்ள ‘உலைச் சிகரம்’ 2007 ஏப்ரலில் குமுறியபோது குழம்பு கடல்வரை ஓடிற்று. மேலே ஆறிய ஓடு வெப்பத்தை எளிதில் கடத்தாது; ஆகவே உள்ளே ஓடும் குழம்பு நெடுந்தூரம் சூடு தணிவதில்லை.

1848-இல் அங்கு அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏராளமான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். அவர்கள் வழிவந்தோரில் பெரும்பாலோர் இன்று பேசுவது கிரியோல் மொழி. ஆயினும் விரதமிருந்து, திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள்.

இதிலும் அதே இயற்பியல்தான். கரியும் சாம்பலும் வெப்பத்தை மெல்லவே கடத்தும். ஓர் அடிக்குப் பாதம் படும் நேரமும் மிகக் குறைவு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்ற மிதப்பில், பலமுறை பூக்குழி இறங்கிய என் அப்பத்தாவிடம் இதை விளக்கினேன். அவர் மறுக்கவில்லை.

“பேச்சை மறந்தவுக விரதத்தை மறக்கலையாக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை அப்பத்தா” என்றேன்.